மட்டி ஓட்டிலும் காயல் சேற்றிலும் பழைய மழையைப் படிப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

பழவேற்காட்டுக் காயலின் மட்டி ஓடுகளையும் அடிச்சேற்றையும் வைத்துப் பழைய மழைக்காலங்களைத் தேடும் வேலையில் இறங்கியபோது என்னிடம் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடந்தன. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வரிசை தப்பியதால் முதல் ஆண்டில் சேகரித்ததில் பாதி எதற்கும் பயன்படாமல் போனது. இப்போது தொடங்கும் மாணவர்களுக்கு அந்த ஓராண்டு மிஞ்ச வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அடிப்படை இவ்வளவுதான். ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்று இரண்டு ஐசோடோப்புகள் நமக்கு முக்கியம். மட்டி தன் ஓட்டைக் கட்டும்போது சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. எந்த விகிதத்தில் என்பதைத் தண்ணீரின் வெப்பமும் தண்ணீரின் சொந்த ஐசோடோப் விகிதமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த விகிதம் ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்தில் எவ்வளவு விலகுகிறது என்பதே டெல்டா மதிப்பு. அதன் அலகு பெர்மில். இயந்திரம் தருவது ஒரே ஓர் எண். அதற்குள் வெப்பமும் தண்ணீரும் பிணைந்து கிடக்கின்றன. இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இரண்டையும் பிரிக்க மறந்ததால் வருபவை.

1. வெப்பமா, மழையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஓட்டின் மதிப்பு 1 பெர்மில் மாறினால் அது சுமார் 4.3 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்துக்குச் சமம். குளிர்நாட்டுக் கடலில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும் என்பதால் அங்கே ஓட்டை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம். சென்னைக் கடலோரத்தில் ஆண்டு முழுக்கத் தண்ணீரின் வெப்பம் நான்கைந்து டிகிரிக்குள்தான் அசைகிறது. அதாவது சுமார் 1 பெர்மில். காயலின் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் புகுந்து உப்பளவு மளமளவென்று இறங்கும். கோடையில் ஆவியாகிக் கடலை விட உப்பாகும். மழைநீரில் ஆக்சிஜன்-18 குறைவு. ஆவியாகும்போது அது தண்ணீரில் தங்கிவிடுகிறது. தண்ணீரின் இந்த ஏற்ற இறக்கத்துக்குள் வெப்பத்தின் பங்கு அமுங்கிப்போய்விடும்.

எனவே நம் காயல்களில் ஓடு சொல்வது பெரும்பாலும் மழையின் கதை. ஆய்வுத் திட்டத்தில் 'கடந்தகால வெப்பநிலை' என்று எழுதிவிட்டுக் காயல் மட்டியை எடுத்தால் கடைசியில் சிக்கிக்கொள்வீர்கள். வெப்பம்தான் வேண்டும் என்றால் திறந்த கடலுக்குப் போங்கள். அதற்கு 9ஆம் படியைப் பாருங்கள்.

2. அனுமதிக் கடிதங்கள்: கரைக்குப் போகும் முன்

செத்த ஓடுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

பழவேற்காடு பறவைகள் சரணாலயம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. எந்தப் பக்கம் இறங்குகிறீர்களோ அந்த மாநில வனத்துறையின் கடிதம் வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா பக்கம் விண்வெளி மையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், மாதிரி எடுக்கும் புள்ளிகளை வரைபடத்தில் குறிக்கும்போதே அதைத் தவிர்த்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அங்கேயும் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பவளங்களும் ராட்சத மட்டி போன்ற சில ஓட்டுயிர்களும் இருக்கின்றன. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அட்டவணைகளும் மாறிவிட்டன. பழைய பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொல்லியல் களத்து ஓடு என்றால் தொல்லியல் துறையின் ஒப்புதலும் தேவை.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் எந்தப் படிவம் பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பொட்டலம் காகிதம் போதாமல் வாரக்கணக்கில் சுங்கத்தில் கிடந்தது. தூளாக அரைத்த ஓடு வெள்ளைப் பொடியாகத்தான் தெரியும். என்ன பொருள், எத்தனை மில்லிகிராம், வணிக மதிப்பு இல்லை, ஆபத்தில்லாதது என்று துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதத்தைப் பொட்டலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வையுங்கள்.

அனுமதிக்கு மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் இடம், மாதம், எத்தனை ஓடு, எவ்வளவு சேறு, மிச்சத்தை எங்கே வைப்பீர்கள் என்ற ஐந்தும் இருந்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

3. பணத்தைப் பிரிக்கும்போது தேதிக்கு முதலிடம்

நான் செய்த பெரிய தவறு இதுதான். பணத்தையெல்லாம் ஆக்சிஜன் அளவீட்டுக்குப் போட்டேன். கையில் அழகான வளைகோடு வந்தது. அது எந்த நூற்றாண்டின் வளைகோடு என்று சொல்லத் தேதி இல்லை.

வணிக ஆய்வகத்தில் ஏஎம்எஸ் முறையில் (முடுக்கிக் கருவியில் கார்பன்-14 அணுக்களை எண்ணி வயதைக் கணக்கிடும் முறை) ஒரு கார்பன் தேதி எடுக்கச் சில நூறு டாலர் ஆகும். அதே பணத்தில் பத்துப் பதினைந்து ஆக்சிஜன் அளவீடுகளாவது செய்யலாம் என்பதால், தேதியைக் குறைக்கத்தான் கை போகும். குறைக்காதீர்கள். ஒரு மீட்டர் கோருக்கு, அதாவது குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தண்டுக்கு, ஐந்தாறு தேதியாவது வேண்டும். இந்தியாவிலேயே டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும் ஏஎம்எஸ் வசதி உண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் முதலில் அங்கே விசாரிக்க வேண்டும். வரிசையில் காத்திருக்க நேரிடும், ஆனால் செலவில் பெரிய வித்தியாசம் கிடைக்கும்.

ஆக்சிஜன் அளவீட்டின் எண்ணிக்கையை இப்படிக் கணக்கிடுங்கள். 5 சென்டிமீட்டர் மட்டியில் மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்றால் 50 தூள். ஐந்து ஓட்டுக்கு 250. பத்துக்கு ஒன்றை இரண்டாம் முறை அளக்க இன்னும் 25. கெட்டுப்போவதற்கு ஒரு பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள். அப்புறம் விலைப்பட்டியல் வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்த்ததா சேர்க்காததா, முன்பணமா பின்பணமா என்று எழுத்தில் கேளுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் மாதிரி அனுப்பி ஏப்ரலில் ரசீது வந்தால் கணக்குப் பிரிவில் பல வாரம் நிற்க வேண்டியிருக்கும்.

4. ஓட்டுக்கு முன் தண்ணீர்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் ஆய்வின் அஸ்திவாரம்.

பழைய ஓடு என்ன சொல்கிறது என்று புரிய, இன்றைய ஓடு இன்றைய தண்ணீரை எப்படிப் பதிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மட்டி வாழும் இடத்திலேயே குறைந்தது மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, ஓராண்டு முழுக்கத் தண்ணீர் எடுங்கள். கூடவே உப்பளவையும் வெப்பத்தையும் குறியுங்கள். வெப்பப் பதிவுக் கருவி ஒன்றை மீன்பிடிக் கழியில் கட்டி மூழ்கவிடலாம். அந்த இடத்தில் வலை போடும் அண்ணன் ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்தால் கருவி பத்திரமாக இருக்கும்.

பாட்டில் 30 மில்லி போதும். விளிம்பு வரை நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் இறுக மூடி, மூடியைச் சுற்றிப் பாராஃபின் பட்டை ஒட்டி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் ஆவியாகி மதிப்பு ஏறிவிடும். என் முதல் ஆறு மாதப் பாட்டில்கள் அப்படித்தான் போயின. பார்வைக்கு நிறைவாகத்தான் இருந்தன. எடை போட்டுப் பார்த்தபோதுதான் குறைந்திருப்பது தெரிந்தது. நிரப்பிய அன்றே பாட்டிலை எடை போட்டு எழுதிவையுங்கள். அனுப்பும் அன்று மறுபடி எடை பாருங்கள்.

எண்கள் வந்ததும் உப்பளவை ஒரு அச்சிலும் தண்ணீரின் டெல்டா மதிப்பை மறு அச்சிலும் வைத்து வரையுங்கள். மழைக்காலப் புள்ளிகள் ஆற்று நீருக்கும் கடல் நீருக்கும் இடையே ஒரு நேர்கோட்டில் விழும். கோடைப் புள்ளிகள் ஆவியாதலால் கோட்டை விட்டு விலகும். இரண்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் திணிக்காதீர்கள்.

5. எந்த ஓட்டை எடுப்பது

காயலில் சாதாரணமாகக் கிடைக்கும் மெரெட்ரிக்ஸ் வகை மட்டியின் ஓடு அரகனைட் என்ற கனிமம். ஆளி எனப்படும் சிப்பியின் ஓடு பெரும்பகுதி கால்சைட். ஒரே தண்ணீரில், ஒரே வெப்பத்தில் வளர்ந்தாலும் அரகனைட்டின் டெல்டா மதிப்பு கால்சைட்டை விட அரை பெர்மில்லுக்கு மேல் கூடுதலாக இருக்கும். இரண்டையும் கலந்து ஒரே வரைபடத்தில் போட்டால் இல்லாத காலநிலை மாற்றம் ஒன்று தெரியும். எனவே ஓர் ஆய்வுக்கு ஓர் இனம் போதும்.

புதைந்த ஓடுகளில் இரண்டு மடலும் மூடி ஒட்டிய நிலையில் கிடப்பதைத் தேடுங்கள். அது செத்த இடத்திலேயே புதைந்தது என்று பொருள். தனி மடல் அலையில் உருண்டு, பழைய படுகையிலிருந்து பெயர்ந்து வந்ததாக இருக்கலாம். சேற்றை விடப் பல நூறு ஆண்டு மூத்ததாகக்கூட இருக்கும். நம் கடற்கரையில் சுண்ணாம்புக்காக ஓடு அள்ளுவது வெகுகாலப் பழக்கம். தோண்டிக் கொட்டிய மேட்டில் அடுக்கு வரிசைக்கு அர்த்தமில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் எங்கெங்கே தோண்டினார்கள் என்று கேட்டுவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கருகிய ஓட்டையும் ஒதுக்குங்கள். சூட்டில் அரகனைட் கால்சைட்டாக மாறிவிடும்.

இன்னொன்று முக்கியம். உப்பளவு மிகவும் இறங்கினால் மட்டி ஓட்டை மூடிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். எனவே பெருவெள்ளம் ஓட்டில் பதிவாகாமலே போகலாம். அந்த இடத்தில் ஒரு கரும் வளர்ச்சிக் கோடும், எண்ணில் ஒரு திடீர்த் தாவலும் மட்டும் இருக்கும். மிகக் குறைந்த மதிப்பு வெள்ளத்தின் உச்சம் என்று எழுதிவிடாதீர்கள். அது மட்டி தாங்கிய எல்லை மட்டுமே.

6. சேற்றுக் கோர்

ஆழமில்லாத காயலில் பிவிசி குழாயை அடித்து இறக்கியே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கோர் எடுத்துவிடலாம். இறக்கும்போது சேறு அழுந்தும். குழாயின் உள்ளே சேற்றின் மட்டத்தையும் வெளியே தரையின் மட்டத்தையும் அளந்து வித்தியாசத்தை எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆழக் கணக்கு முழுவதும் பிசகும். நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைத் தொடாமல் வையுங்கள். மறு பாதியை ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டுங்கள். குழாயின் சுவரை ஒட்டிய ஓரத்தைச் சீவி எறியுங்கள். அங்கே மேலடுக்கின் சேறு இழுபட்டுக் கீழே வந்திருக்கும்.

சேற்றிலுள்ள கரிமப் பொருளின் கார்பன்-13 மதிப்பும் பயனுள்ளது. நெல், மரங்கள் போன்ற சி3 தாவரங்கள் சுமார் -27 பெர்மில். கரும்பு, சோளம், வெப்பநிலப் புற்கள் பல சேரும் சி4 வகை சுமார் -13. நீலகிரியின் சாண்டிநல்லாப் பகுதிக் கரிச்சேற்றில், ஈரக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே புல்வகை மாறியதை இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டார்கள். காயலில் கடல் மிதவையுயிர்களின் கார்பன் இடையில் புகுந்து குழப்பும் என்பதால் கார்பன்-நைட்ரஜன் விகிதத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அளக்கும் முன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஓட்டுத் தூளை முழுதாக நீக்குங்கள். நுரை நிற்கும் வரை அல்ல, நின்ற பிறகும் ஓர் இரவு விடுங்கள்.

7. வெட்டுதல், துளைத்தல், அனுப்புதல்

ஓட்டை மென்மையாகத் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். எபாக்ஸி பூசி, மூட்டுப் பகுதியிலிருந்து விளிம்பு வரை அதிகபட்ச வளர்ச்சித் திசையில் வெட்டுங்கள். வெளி அடுக்கில் மட்டும் துளையுங்கள். பல் மருத்துவர் பயன்படுத்தும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் முனை போதும். விளிம்புக்குப் பக்கத்தில் வளர்ச்சி நெருக்கமாக இருப்பதால் துளைகளையும் நெருக்கமாகப் போடுங்கள். வேகத்தைக் குறைத்து, விட்டு விட்டுத் துளையுங்கள். உராய்வுச் சூடே அரகனைட்டைக் கால்சைட்டாக மாற்றப் போதும். எபாக்ஸித் தூள் கலந்தால் அந்த மாதிரியைத் தூக்கி எறியுங்கள்.

புதைந்த ஓடு ஒவ்வொன்றிலும் சிறிது தூளை எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எந்தக் கனிமம் என்று காட்டும் கருவி) பாருங்கள். தாமிரக் கதிரில் அரகனைட்டின் முகடு 26.2 டிகிரி பக்கம் வரும். 29.4 பக்கம் கால்சைட் முகடு தலைகாட்டினால் அந்த ஓடு மண்ணுக்குள் உருமாறியிருக்கிறது. எவ்வளவு அழகான ஓடாக இருந்தாலும் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை: எந்தக் கருவி, எத்தனை மைக்ரோகிராம் தூள், அமிலத்தின் வெப்பம் எவ்வளவு, அரகனைட்டுக்குத் தனித் திருத்தம் போடுகிறீர்களா, எந்தப் பொதுத்தர மாதிரிகளோடு ஒப்பிடுகிறீர்கள். கீல் வகைக் கருவிக்கு 50 மைக்ரோகிராம் அளவே போதும். கேஸ்பெஞ்ச் வகைக்கு அதைப்போலச் சில மடங்கு வேண்டும். இது தெரியாமல் துளைத்தால் பாதி மாதிரி போதவில்லை என்று திரும்பி வரும். என்பிஎஸ்-19, ஐஏஇஏ-603 போன்ற தர மாதிரிகளின் அளவீடுகளையும் உங்கள் முடிவோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். என்பிஎஸ்-19க்கு ஆக்சிஜன் மதிப்பு -2.20, கார்பன் 1.95. அது 0.1க்குள் திரும்பத் திரும்ப வந்திருந்தால்தான் உங்கள் எண்களை நம்பலாம்.

8. எண்ணைக் காலநிலையாக மாற்றுதல்

அரகனைட் ஓட்டுக்குப் பரவலாகப் பயன்படும் சமன்பாடு இது:

வெப்பம் = 20.6 − 4.34 × [ஓட்டின் மதிப்பு − (தண்ணீரின் மதிப்பு − 0.27)]

ஓட்டு மதிப்பு விபிடிபி அளவுகோலிலும் தண்ணீர் மதிப்பு விஸ்மோவ் அளவுகோலிலும் இருக்கின்றன. இரண்டையும் பொருத்துவதற்குத்தான் அந்த 0.27. ஓடு -2.00, தண்ணீர் 0.00 என்றால் விடை 28.1 டிகிரி. 0.27ஐ விட்டுவிட்டால் 29.3 வரும். தண்ணீரை -1.00 என்று தவறாக ஊகித்தால் 23.8 வரும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் தண்ணீர் எண்ணை ஓராண்டு பாட்டில்களால் அறிந்தவருக்கும் ஊகித்தவருக்கும் உள்ள தூரம் இது. காயலில் சமன்பாட்டைத் திருப்பிப் போடுங்கள்: வெப்பம் ஏறத்தாழத் தெரியும் என்பதால் அதை உள்ளே கொடுத்துத் தண்ணீரின் மதிப்பை வெளியே எடுங்கள். அதிலிருந்து உப்பளவு, உப்பளவிலிருந்து மழை.

கார்பன் தேதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் கடலோட்டின் தேதி உண்மையை விட மூத்ததாகக் காட்டும். அதற்கான பொதுத் திருத்த வளைகோட்டின் இப்போதைய பதிப்பு மரைன்20. உங்கள் கடலோரத்துக்கான உள்ளூர்த் திருத்தத்தை இணையத் தரவுத்தளத்தில் எடுக்கும்போது, அது மரைன்20க்காகக் கணக்கிட்டதா என்று பாருங்கள். பழைய கட்டுரையில் மரைன்13க்குத் தந்த எண்ணை இதில் போட்டால் தேதி பிசகும். காயலில் ஆற்றுக் கார்பனும் சேர்வதால் அந்தத் திருத்தமும் முழுதாகப் பொருந்தாது. ஒரே அடுக்கில் ஓடும் கரித்துண்டும் கிடைத்தால் இரண்டுக்கும் தேதி எடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் காயலுக்கே உரிய திருத்தம். மேல் அடுக்கின் கடைசி நூறாண்டுக்குக் கார்பன் உதவாது. அரை ஆயுள் 22 ஆண்டு கொண்ட ஈயம்-210 முறையைப் பயன்படுத்துங்கள்.

9. கடலுக்குப் போக வழியில்லாதவர்களுக்கு

கப்பல் இல்லாமலும் ஆழ்கடல் கோர் கிடைக்கும். ஐஓடிபி என்ற பன்னாட்டுக் கடலடித் துளையிடும் திட்டத்தின் பயணம் 353, 2014-15இல் வங்காள விரிகுடாவில் துளையிட்டது. பயணம் 355, 2015இல் அரபிக்கடலில். இந்தியப் பெருங்கடல் கோர்கள் ஜப்பானின் கொச்சி கோர் மையத்தில் இருக்கின்றன. ஆம், அங்கேயும் கொச்சி என்று ஓர் ஊர். ஆய்வுத் திட்டத்தோடு இணையத்தில் விண்ணப்பித்தால் ஆய்வாளர்களுக்கு மாதிரி தருகிறார்கள். எந்த ஆழம், எத்தனை கன சென்டிமீட்டர், ஏன் அந்த இடைவெளி என்று தெளிவாக எழுத வேண்டும். 'முழுக் கோரும் வேண்டும்' என்று கேட்டால் கிடைக்காது.

அந்தச் சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, 50 டிகிரிக்குள் உலர்த்துங்கள். 250 முதல் 355 மைக்ரான் அளவில் குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்ற, கடலின் மேல்மட்டத்தில் வாழும் ஃபோராமினிஃபெராவை (சுண்ணாம்புக் கூடு கட்டும் ஒற்றைச் செல் உயிர்) பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்குப் பத்துப் பதினைந்து கூடு. நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை இது. முதல் மாதம் ஒரு நாளைக்கு நான்கு மாதிரி முடித்தாலே நல்ல வேகம். அதே கூடுகளில் மெக்னீசியம்-கால்சியம் விகிதத்தை அளந்தால் வெப்பம் தனியாகக் கிடைக்கும். ஆக்சிஜன் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தண்ணீர். பனியுகம் வரை போகிறீர்கள் என்றால், நிலத்தில் பனி பூட்டியிருந்ததால் அப்போது உலகக் கடல்நீரே சுமார் 1 பெர்மில் கூடுதலாக இருந்தது. அதையும் கழிக்க வேண்டும்.

சேறு ஆயிரம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் படியும் இடத்தில் ஒரு வில்லை என்பது நூறு ஆண்டு. அடிவாழ் புழுக்கள் மேல் 10 சென்டிமீட்டரைக் கிளறிக்கொண்டே இருப்பதால் உண்மையில் அதை விடவும் மங்கும். ஒரு குறிப்பிட்ட பஞ்ச ஆண்டை இங்கே தேடாதீர்கள். அதற்கு மட்டி ஓடுதான் சரி.

10. கால அட்டவணை

எனக்கு ஆனதை வைத்துச் சொல்கிறேன். அனுமதிக்கு நான்கு மாதம். தண்ணீருக்குப் பன்னிரண்டு மாதம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கோரையும் ஓட்டையும் எடுத்துவிடலாம். வெட்டித் துளைக்க மூன்று மாதம். ஆய்வக வரிசையில் நான்கிலிருந்து ஆறு மாதம். தேதிகளுக்கு அதே அளவு, ஆனால் தேதி மாதிரிகளை முதலில் அனுப்புங்கள். ஓர் அடுக்கு எதிர்பார்த்த காலத்தைச் சேர்ந்ததே இல்லை என்று தெரிந்தால், அதில் ஐம்பது துளை போடும் வேலையும் பணமும் மிச்சம். மொத்தம் இரண்டரை ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுப்பதைச் செப்டம்பரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவத்தை முதலிலேயே பிடித்துவிடலாம். ஜனவரியில் தொடங்கினால் முதல் மழைக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டின் இரண்டாம் மடலையும், கோரின் தொடாத பாதியையும் பையில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே வைத்துக் குளிரறையில் வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். மதிப்பீட்டாளர் ஒருவர் ஓர் எண்ணைச் சந்தேகித்தால், மறுபடி அளந்து காட்ட அந்தப் பாதி கையில் இருக்க வேண்டும்.